ஊன்றுகழி ஒடிகிறது, ஒடியாவிட்டால் பிடுங்க வரவில்லை

கொடுவாப் பித்தன்:
வணக்கம். ஞாயிறுதோறும் சென்னையிலிருந்து பழவேற்காடு ஏரிக்குத் தூண்டில் போடப் போகிறவன் நான். 14 அடி ஃபைபர் படகு, ஆள் இருவர். நாங்கள் நிற்கும் இடத்தில் தண்ணீர் இடுப்பளவுதான். நங்கூரத்தைப் போட்டால் அந்தத் ‘தொப்’ சத்தத்திலேயே மடவைக் கூட்டம் கலைந்துவிடுகிறது. அதனால் படகை நிறுத்தச் சேற்றில் குத்தும் ஊன்றுகழி செய்தேன்: ஒன்றரை அங்குல பிவிசி குழாய், 8 அடி, உள்ளே சிமென்ட். காலையில் நன்றாக நின்றது. நண்பகலில் கடற்காற்று எழுந்ததும் வில்லாக வளைந்து சேற்று மட்டத்தில் ஒடிந்தது. அடுத்த வாரம் ஜிஐ குழாய், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய். ஒடியவில்லை. ஆனால் இருவரும் சேர்ந்து இழுத்தும் வரவில்லை, படகுதான் சாய்ந்தது. ஒருவழியாகப் பிடுங்கினால் குழாய்க்குள் ஒரு முழம் சேறு. கழியைப் படகின் பின்பலகையில் கிளாம்ப் போட்டு இறுக்கியிருக்கிறேன். எதை மாற்றுவது?

பட்டறைக்காரன்:
கம்பி இல்லாத சிமென்ட் அழுத்தினால் தாங்கும், வளைத்தால் விரிசல் விடும். நீங்கள் சேர்த்தது எடையை மட்டுமே. 20 மி.மீ. ஃபைபர் கிளாஸ் கம்பி வாங்குங்கள், குழாய் அல்ல, உள்ளே கெட்டியானது. வளையும், விட்டால் நிமிரும். 8 அடி ஏறக்குறைய ஒன்றரை கிலோ. முனையைப் பென்சில்போலச் சீவி எபாக்சிப் பிசின் பூசுங்கள். பூசாவிட்டால் இழை பிரியும். சீவும்போது முகக்கவசமும் கையுறையும் கட்டாயம். ஒருமுறை வெறும் கையோடு செய்துவிட்டு இரண்டு நாள் சொறிந்துகொண்டிருந்தேன். இன்னொன்று: இது மூங்கில் அல்ல, கைநழுவினால் மூழ்கிவிடும். மேல்முனையில் மிதவை ஒன்று கட்டுங்கள்.

ஏரிக்கரையான்:
தம்பி, கழியைவிடக் கட்டுதான் குற்றம். பலகையோடு இறுக்கினால் ஒவ்வொரு அலைக்கும் படகு கழியை நெம்பும். ஃபைபர் கம்பியே போட்டாலும் கிளாம்ப் பிடித்த இடத்தில் உங்கள் படகில் விரிசல் விழும். கிளாம்பைக் கழற்றிவிட்டு அணியத்திலிருந்து, அதாவது படகின் முன்முனையிலிருந்து, ஓர் ஆள் நீளக் கயிறு விடுங்கள். கழியில் முடிச்சு தண்ணீர் மட்டத்தில் இருக்கட்டும்; மேலே ஏற ஏற நெம்பு கூடும். மாட்டுக்கு முளை அடிக்கிறவர் எப்படி அடிப்பார்? தலை மாட்டுக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கும். அப்படியே ஊன்றுங்கள். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் இழுப்பு நான்கு மடங்காகும், அதனால் அணியம் காற்றைப் பார்த்தே நிற்கட்டும். பிடுங்கும்போது படகைக் கழிக்கு நேர்மேலே கொண்டுவந்து, முதலில் திருகுங்கள். பக்கவாட்டில் சேறு விட்ட பிறகு மேலே தூக்குங்கள். நாங்கள் மூங்கிலை இப்படித்தான் எடுக்கிறோம், கணுவைச் சீவிவிட்டு.

கொடுவாப் பித்தன்:
நன்றி அண்ணே. கம்பி இன்னும் வாங்கவில்லை. அதே ஜிஐ குழாயின் வாயில் கூர்மையான மரக்கட்டையை அடித்து அடைத்து, கயிற்றில் கட்டிப் பார்த்தேன். பிற்பகல் மூன்று மணி வரை அசையவில்லை, திருகியதும் ஒற்றை ஆளாகவே எடுத்துவிட்டேன். ஆனால் ஓர் இடத்தில் அரை அடிகூட இறங்கவில்லை, ‘கரகர’வென்று சத்தம்.

ஏரிக்கரையான்:
அது கிளிஞ்சல் படுகை. அங்கே எந்தக் கழியும் இறங்காது, முனைதான் மழுங்கும். நங்கூரத்தையே போடுங்கள், எறியாமல் கயிற்றைப் பிடித்து மெல்ல இறக்குங்கள்.