தாவீதை எந்தப் பக்கம் எழுதுவது?

குழு: நம்ம வீட்டார்

நான்: எல்லாருக்கும் ஸ்தோத்திரம். ஒரு யோசனை வேண்டும். வருகிற ஞாயிறு 7 முதல் 10 வயதுப் பிள்ளைகளுக்கு நான்தான் பாடம் எடுக்கிறேன். தலைப்பு 'நல்ல முன்மாதிரி, கெட்ட முன்மாதிரி'. சார்ட்டில் நடுவில் ஒரு கோடு போட்டு, இந்தப் பக்கம் நல்லவர்கள் பேர், அந்தப் பக்கம் கெட்டவர்கள் பேர் எழுதச் சொல்லிப் பாடக்குறிப்பில் இருக்கிறது. பெரியவன் அதைப் பார்த்துவிட்டு, "அம்மா, தாவீதை எந்தப் பக்கம் எழுதுவீங்க? கோலியாத்தை ஜெயிச்சதும் அவர்தான், உரியாவைச் சாகவச்சதும் அவர்தானே?" என்று கேட்கிறான்.

தம்பி: நல்ல கேள்விதான் சின்னக்கா. யாக்கோபை எங்கே எழுதுவது? பேதுருவை?

அக்கா: சிம்சோனையும் சேர்த்துக்கொள். எபிரெயர் 11-ல் விசுவாச வீரர் வரிசையில் அவன் பேரும் இருக்கிறது. ஆனால் அவன் நடந்த மாதிரி நட என்று எந்தப் பிள்ளையிடம் சொல்வோம்?

அத்தை: அதெல்லாம் சரி. ஆனாலும் சின்னப் பிள்ளைகளுக்கு இது நல்லது, இது கெட்டது என்று தெளிவாகச் சொல்லத்தான் வேண்டும். எல்லாரும் கொஞ்சம் நல்லவர், கொஞ்சம் கெட்டவர் என்று சொன்னால் குழம்பிவிடுவார்கள். இஸ்ரவேலருக்கு வனாந்தரத்தில் நடந்ததெல்லாம் நமக்குத் திருஷ்டாந்தம், அதாவது எச்சரிக்கிற உதாரணம் என்று பவுலே 1 கொரிந்தியர் 10-ல் எழுதியிருக்கிறாரே.

பெரியப்பா: தங்கச்சி சொல்வது சரி. தெளிவு வேண்டும். ஆனால் அந்தக் கோட்டை ஆளுக்கு ஆள் போடாமல் செய்கைக்குச் செய்கை போடம்மா. பவுலும் அந்த அதிகாரத்தில் அதைத்தான் செய்கிறார். இச்சித்தார்கள், விக்கிரகத்தை வணங்கினார்கள், முறுமுறுத்தார்கள் என்று செய்ததைச் சொல்கிறார். தப்புச் செய்த ஒருவன் பேரைக்கூட அங்கே எழுதவில்லை.

அண்ணி: பெரிய மாமா சொல்வது எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுகிறது. ஒரு வகுப்பில் தம்பியை அடித்துவிட்ட ஒரு பையனை, எல்லாருக்கும் முன்னால் "நீ காயீன்" என்று சொல்லிவிட்டார்கள். பிள்ளையின் முகம் அப்படியே செத்துப்போயிற்று. அடுத்த வாரமும் மற்றப் பிள்ளைகள் அவனை அந்தப் பேர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். அடித்தது தப்பு என்று சொன்னால் அவன் திருந்த வழி இருக்கிறது. நீயே காயீன் என்றால் அவன் எங்கே போவான்?

அத்தை: ஐயோ, பாவம். அப்படிச் சொல்லவே கூடாது.

பெரியப்பா: காயீன் கதையிலேயே நாம் வேகமாகத் தாண்டிப்போகிற ஓர் இடம் இருக்கிறது. கொலைக்கு முன்னால் கர்த்தர் அவனிடம் பேசுகிறார். ஆதியாகமம் 4:6, 7. உனக்கு ஏன் எரிச்சல், உன் முகம் ஏன் வாடிப்போயிற்று என்று கேட்கிறார். பாவம் வாசற்படியில் படுத்திருக்கிறது என்று எச்சரிக்கிறார். அப்போது தம்பி ஆபேல் உயிரோடுதான் இருக்கிறான். காயீன் திரும்பி வீட்டுக்குப் போயிருக்கலாம். கதையை அங்கே நிறுத்து. "இப்போ காயீன் என்ன செய்யலாம்?" என்று பிள்ளைகளைக் கேள். அவர்கள் சொல்லி முடிக்கிற வரைக்கும் அடுத்த வசனத்துக்குப் போகாதே.

தம்பி: பெரியப்பா, அப்போ தாவீதுக்கு?

பெரியப்பா: தாவீதைத் தனியாக எடுக்காதே. சவுலோடு சேர்த்து வைத்துச் சொல். இரண்டு பேரும் கர்த்தர் தெரிந்துகொண்ட ராஜாக்கள். இரண்டு பேரும் பெரிய தப்புச் செய்தவர்கள். நம் கண்ணுக்குத் தாவீது செய்ததுதான் இன்னும் கொடியது.

1 சாமுவேல் 15-ஐ எடுத்துக்கொள். அமலேக்கியரின் ஆடுமாடுகளில் ஒன்றையும் மீதி வைக்கக்கூடாது என்பது சவுலுக்குக் கட்டளை. அவன் கொழுத்ததையெல்லாம் வைத்துக்கொண்டு, தீர்க்கதரிசி சாமுவேல் வந்ததும் முந்திக்கொண்டு, கர்த்தர் சொன்னதை நிறைவேற்றிவிட்டேன் என்கிறான். பின்னால் ஆடு கத்துகிறது! அப்படியானால் என் காதில் விழுகிற இந்த ஆட்டுச் சத்தம் என்ன என்று சாமுவேல் கேட்கிறார். இந்த இடத்தில் நாலு பிள்ளைகளை ஆடு மாதிரிக் கத்த விடு. ஒருத்தரும் மறக்கமாட்டார்கள்.

அப்புறம் சவுல் சொல்வதைக் கவனி. ஜனங்கள் கொண்டுவந்தார்கள் என்கிறான். பலியிடத்தான் என்கிறான். ஜனங்களுக்குப் பயந்தேன் என்கிறான். பாவம் செய்தேன் என்று சொன்ன பிறகும், மூப்பருக்கு முன்னால் என் மரியாதையைக் காப்பாற்றும் என்று கேட்கிறான்.

தாவீதிடம் நாத்தான் தீர்க்கதரிசி போனார். ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பணக்காரன் பிடுங்கிக்கொண்ட கதையைச் சொன்னார். நீயே அந்த மனுஷன் என்றார். தாவீது சொன்னது ஒரு வரிதான்: கர்த்தருக்கு விரோதமாய்ப் பாவம் செய்தேன். யார் மேலும் விரல் நீட்டவில்லை.

அக்கா: சின்னப் பிள்ளைகளுக்கு உரியா மனைவி விஷயத்தை எப்படிச் சொல்வது பெரியப்பா?

பெரியப்பா: பத்து வயசுக்குள் உள்ளவர்களுக்கு, தனக்கு உரிமையில்லாததைத் தாவீது எடுத்துக்கொண்டான், அதை மறைக்க ஒரு நல்ல மனுஷனைச் சாகவைத்தான் என்று சொன்னால் போதும். பொய் சொல்லவில்லை. தேவைக்கு மேலும் சொல்லவில்லை. நாத்தானின் ஆட்டுக்குட்டிக் கதை மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

அத்தை: அண்ணே, ஒரு சந்தேகம். 'சாரி' சொன்னால் தீர்ந்தது என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்ளமாட்டார்களா?

பெரியப்பா: எடுத்துக்கொள்ளக்கூடாது. அதனால் பின்னால் நடந்ததையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். கர்த்தர் தாவீதை மன்னித்தார். ஆனாலும் அவன் வீட்டுக்குள் துக்கம் வந்தது, அவன் மகன் அப்சலோம் வரைக்கும் அது போயிற்று. மன்னிப்பும் உண்மை, பலனும் உண்மை.

அக்கா: எனக்கு வேறொரு கஷ்டம். போன மாதம், பொய் சொல்லிக் குஷ்டரோகியான கேயாசி (எலிசா தீர்க்கதரிசியின் வேலைக்காரன்) கதை கேட்டுவிட்டு வந்து பாப்பா ராத்திரி தூங்கவில்லை. கையைக் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "நான் பொய் சொன்னா எனக்கும் குஷ்டம் வருமா?" என்று அழுகை. தண்டனையை மட்டும் சத்தமாகச் சொல்லி முடித்துவிட்டார்கள் போல. பயத்தால் பொய் சொல்லாமல் இருக்கிற பிள்ளை, பயம் போனதும் சொல்லுமே.

அண்ணி: பயந்த பிள்ளைதான் இன்னும் நன்றாக மறைக்கப் பழகும். என் அனுபவத்தில் பார்த்தது இது.

பெரியப்பா: 2 இராஜாக்கள் 5-ஐ மறுபடி வாசித்துப் பார் அம்மா. எலிசாவால் குஷ்டம் நீங்கின நாகமானிடம் கேயாசி பொய் சொல்லி வெள்ளியும் வஸ்திரமும் வாங்கி வீட்டில் ஒளித்து வைத்துவிட்டு வருகிறான். எலிசா உடனே தண்டிக்கவில்லை. எங்கேயிருந்து வந்தாய் என்று கேட்கிறார். அவருக்குத் தெரியும், தெரிந்தும் கேட்கிறார். அந்தக் கேள்வி அவன் உள்ளே வருவதற்குத் திறந்து வைத்த கதவு. எங்கும் போகவில்லை என்று அவனே சாத்திக்கொண்டான்.

இதைப் பார்த்த பிறகு மற்றக் கதைகளையும் பார். ஆதாமே, எங்கே இருக்கிறாய்? உன் சகோதரன் எங்கே? நிலம் விற்ற பணத்தைப் பற்றிப் பொய் சொன்ன அனனியாவின் மனைவி சப்பீராளிடமும், நிலத்தை இவ்வளவுக்குத்தானா விற்றீர்கள் என்று பேதுரு முதலில் கேட்கிறார். தண்டனைக்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. நாம் தண்டனைக்கு ஓடிவிடுகிறோம், கேள்வியைப் பிள்ளைகள் காதில் விழ விடுவதில்லை. பாப்பாவிடம் அந்தக் கேள்வியைச் சொல். "கேயாசி அப்போ உண்மையைச் சொல்லியிருந்தா?" என்று அவளையே யோசிக்க விடு.

தம்பி: அந்தப் பேதுருவிடமே இயேசு கேட்டதும் கேள்விதானே பெரியப்பா! கரிநெருப்புக்குப் பக்கத்தில் குளிர்காய்ந்துகொண்டு இயேசுவைத் தெரியாது என்று மூன்று தரம் மறுதலித்தவர். யோவான் 21-ல் மறுபடியும் கரையில் கரிநெருப்பு, மீன், அப்பம். முதலில் சாப்பிட வைத்துவிட்டு, நீ என்னை நேசிக்கிறாயா என்று மூன்று தரம் கேட்கிறார். ஏன் மறுதலித்தாய் என்று ஒரு தரம்கூடக் கேட்கவில்லை.

பெரியப்பா: அருமை தம்பி. பயந்த பிள்ளைக்குக் கேயாசியைச் சொன்ன அன்றே இதையும் சொல்லிவிட வேண்டும். அடுத்த வாரத்துக்குத் தள்ளக்கூடாது.

அக்கா: இன்றைக்கு ராத்திரியே சொல்கிறேன்.

அண்ணி: அதே கேயாசி அதிகாரத்தில் அந்தச் சிறைப்பட்ட சிறுமியும் இருக்கிறாளே. அவளை வீட்டைவிட்டுப் பிடித்துக்கொண்டு போன ஜனத்தின் படைத்தலைவன் நாகமான். அவனுக்குக் குஷ்டம். 'இவனுக்கு நன்றாக வேண்டும்' என்று அவள் சந்தோஷப்படவில்லை, குணமாகிற வழியைச் சொல்கிறாள். தீர்க்கதரிசியோடேயே இருந்தவன் பொய் சொல்கிறான், ஒன்றும் இல்லாத அடிமைப் பிள்ளை நன்மை செய்கிறாள். நல்ல முன்மாதிரிக்கு நான் முதலில் அவளைத்தான் சொல்வேன். நம் பிள்ளைகள் வயசுக்காரி.

தம்பி: எனக்குப் பிடித்தது யூதா. யோசேப்பின் அண்ணன், யூதாஸ் இல்லை. ஒரே ஆள் இரண்டு பக்கத்திலும் வருவான். 17 வயசுத் தம்பியை விற்றுவிடலாம் என்று யோசனை சொன்னவன் அவன்தான். 20 வெள்ளிக்காசு. யோசேப்பு பார்வோன் முன் நின்றது 30 வயசில். அப்புறம் 7 வருஷம் செழிப்பு, 2 வருஷம் பஞ்சம். கூட்டிப் பார்த்தால் கிட்டத்தட்ட 22 வருஷம் கழித்து, எகிப்தின் அதிகாரியாகிவிட்ட யோசேப்பிடம், அவர் யாரென்று தெரியாமல் தானியம் வாங்க வந்த சகோதரரில் கடைசித் தம்பி பென்யமீன் சாக்கில் அவருடைய வெள்ளிப் பாத்திரம் அகப்படுகிறது. இன்னொரு தம்பியை விட்டுவிட்டுப் போக அருமையான சாக்கு. அதே யூதா முன்னால் வந்து, இவனுக்குப் பதிலாக என்னை அடிமையாக வைத்துக்கொள்ளும், பிள்ளையில்லாமல் அப்பா முகத்தில் எப்படி விழிப்பேன் என்கிறான். அதைக் கேட்டுத்தான் யோசேப்பால் அடக்க முடியாமல் சத்தமிட்டு அழுதார். ஆதியாகமம் 44-ஐயும் 45-ஐயும் சேர்த்து வாசித்தால் எனக்கு இன்றைக்கும் தொண்டை அடைக்கும்.

நான்: தம்பி, இதைத்தான் எடுக்கப்போகிறேன். அண்ணன் தம்பி சண்டை இல்லாத வீடு எது? இது பிள்ளைகளுக்கு நேராகப் போய்ச் சேரும்.

அத்தை: எனக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உன் வகுப்பில் அப்பா சரியில்லாத பிள்ளைகள் இருப்பார்கள். அப்பாவைப் போலத்தான் பிள்ளை என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அவர்களுக்காக யோசியாவைச் சொல். தாத்தா மனாசே விக்கிரகங்களை வைத்தவன், அப்பா ஆமோனும் அதே வழி. 8 வயசில் ராஜாவான யோசியா கர்த்தருக்குச் செம்மையானதைச் செய்தான். மனாசேயின் அப்பா எசேக்கியாவோ நல்ல ராஜா. நல்ல அப்பாவுக்கு அப்படி ஒரு மகன், கெட்ட அப்பாவுக்கு இப்படி ஒரு மகன். பேர் சொல்லி எந்தப் பிள்ளையையும் பார்க்காதே, பொதுவாகச் சொல். யாருக்கு வேண்டுமோ அந்தப் பிள்ளை எடுத்துக்கொள்ளும்.

பெரியப்பா: அந்த மனாசேகூடக் கடைசியில் தாழ்த்திக்கொண்டான், 2 நாளாகமம் 33. பெரிய பிள்ளைகள் கேட்டால் சொல்லு.

அண்ணி: எலிசாவைக் கேலி செய்த பிள்ளைகளும் கரடியும் வேண்டாம், சரியா? இந்த வயசுக்கு அது கனம்.

நான்: வேண்டாம் அண்ணி. சரி, இப்படி முடிவு செய்கிறேன். சார்ட்டில் பேர் எழுதவில்லை. 'தம்பியை விற்றான்', 'தம்பிக்காக நின்றான்' என்று செய்ததை மட்டும் எழுதப்போகிறேன். இரண்டும் ஒரே யூதா என்று கடைசியில்தான் சொல்வேன். நடுவில் சாக்கில் பாத்திரம் அகப்படுகிற இடத்தில் நிறுத்திவிட்டு, யூதா என்ன செய்வான் என்று கேட்பேன்.

பெரியப்பா: நல்லது. ஒருவன் "விட்டுட்டு ஓடிடுவான்" என்று சொன்னால் திட்டாதே. ஏன் ஓடத் தோன்றும் என்று கேள். அங்கேதான் பிள்ளை தன் மனசைப் பேசும்.

தம்பி: சின்னக்கா, ஒரு வெள்ளி நிறத் தம்ளரும் சாக்குப்பையும் எடுத்துவைக்கிறேன். சனிக்கிழமை சாயங்காலம் கொண்டுவருகிறேன்.

நான்: கொண்டுவா. பென்யமீனாக நிற்கச் சின்னவன் இப்போதே தயாராகிவிட்டான்.