கொடை முடியட்டும், பொறவு பாப்போம்

சேரன்மாதேவிக்காரன்:

அப்பாவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்து இன்றைக்கு ஒன்பதாவது நாள். அவர் மாத்திரை போட்டுத் தூங்கின பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன், பகலில் எழுதினால் எட்டிப் பார்த்து ‘என்னயப் பத்தி ஊருக்கே எழுதுதியாலே’ என்று கேட்பார்.

எங்கள் ஊரில் சுடலைமாடன் கோயில் கொடை, அதாவது திருவிழா. வரி பிரிக்கிறவர்களில் அப்பாவும் ஒருத்தர், வில்லுப்பாட்டுக்காரருக்கு அட்வான்ஸ் கொடுப்பதிலிருந்து பந்தல்காரரோடு சண்டை போடுவது வரைக்கும் எல்லாம் அவர் தலையில். சென்னையிலிருந்து வந்து இறங்கின அன்றே கவனித்தேன், வாய்க்கால் மேட்டில் ஏறும்போது பாதியில் நின்று, யாரையோ தேடுவதுபோல அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்க்கிறார். அங்கே ஒரு ஆளும் இல்லை. கேட்டால் நெஞ்சு கரிக்கிறது, வாயு என்றார். எங்கள் பக்கத்தில் இடுப்புக்கு மேலே எது வலித்தாலும் வாயுதான். அம்மா ஓமத் தண்ணீர் வைத்துக் கொடுத்தாள், பெரியப்பா சோடா வாங்கி வந்தார், பெரிய ஏப்பம் ஒன்று வந்தது, வீடே நிம்மதியானது.

‘ஒரு ஈசிஜி எடுத்துருவோம்ப்பா, அரைமணி நேரந்தான்’ என்றேன். ‘கொடை முடியட்டும்லே, பொறவு பாப்போம்.’ கொடை முடிந்தது. ‘எட்டாங்கொடையும் முடியட்டும்.’ கொடை முடிந்து எட்டாம் நாள் நடக்கிற பூசை அது. நானும் சரி என்றுதான் சொன்னேன், அதுதான் இப்போது உறுத்துகிறது. அவரோடு மல்லுக்கட்ட முடியாது என்று வெளியே சொல்லிக்கொண்டேனே தவிர, ஈசிஜியில் ஏதாவது வந்துவிட்டால் லீவு நீளும், ரயில் டிக்கெட் போகும் என்ற கணக்கும் உள்ளே ஓடிக்கொண்டுதான் இருந்தது.

எட்டாங்கொடைக்கு இரண்டு நாள் இருக்கும்போது, விடிகாலை மூன்று மணிக்கு அம்மா எழுப்பினாள். அப்பா திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார், பனியனைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும் அளவுக்கு வியர்வை. வலி பெரிசா இல்லை, தாடையும் இடது தோளும் கனக்கிறது என்கிறார். அப்போதும் ‘விடியட்டும்’ என்றார். நல்லவேளை, அம்மா அதைக் காதில் வாங்கவில்லை, 108-ஐக் கூப்பிடச் சொன்னாள். சேரன்மாதேவி ஜி.எச்.சில் ஈசிஜி எடுத்த கையோடு ஆஸ்பிரினை மென்று விழுங்கச் சொல்லி, பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

ஸ்டென்ட் வைத்தாயிற்று. ஆள் பிழைத்துக்கொண்டார். ஆனால் இதயத்தின் பம்பிங் 35 சதவீதம்தான், 55-க்கு மேல் இருக்க வேண்டியது. ரத்தம் போகாத நேரத்தில் செத்துப்போன தசை திரும்பி வராதாம். நடந்தால் வந்து நின்றால் போகிற நெஞ்சுப் பாரம் என்றால் இதயத்துக்குப் போகிற ரத்தக்குழாய் ஏற்கெனவே சுருங்கியிருக்கிறது என்று அர்த்தம், சர்க்கரை உள்ளவர்களுக்கு அந்த வலிகூட மந்தமாகத்தான் தெரியும் என்று டாக்டர் படம் போட்டுக் காட்டினார். எனக்கு அந்த வாய்க்கால் மேடுதான் கண்ணில் வந்தது.

உங்கள் வீட்டில் எது முடியட்டும் என்று தள்ளிப் போட்டீர்கள்? எழுதுங்கள்.


முக்கூடல் பொண்ணு:

எங்க வீட்டில் தங்கச்சி கல்யாணம் முடியட்டும் என்று அம்மா தள்ளிப் போட்டாள், ஆனால் தள்ளிப் போடுகிறாள் என்பதே எங்களுக்குத் தெரியாது, அதுதான் வித்தியாசம்.

அம்மா பீடி சுற்றுகிறவள். மடியில் தட்டை வைத்துக் குனிந்து உட்கார்ந்தால் மத்தியானம் வரைக்கும் நிமிர மாட்டாள், முதுகு வலி தோள் வலி எல்லாம் பழகிப்போனதால் உடம்பு பற்றி அவள் வாயில் ஒரு பேச்சும் வராது. மார்பில் ஒரு கட்டி இருந்திருக்கிறது. எட்டு மாசம். வலித்திருந்தால் சொல்லியிருப்பாளாம், வலிக்கவே இல்லையே என்கிறாள். வலிக்காததால்தான் உடனே காட்டியிருக்க வேண்டும் என்று பின்னாடி டாக்டர் சொன்னபோது அவளால் நம்பவே முடியவில்லை, வலிக்காத நோய் என்ன நோய் என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னிடம் வாதாடினாள்.

வெளியே வந்த கதையைக் கேளுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர் மாத்திரை கொடுக்க ஒரு அக்கா வீட்டுக்கு வருவார். பெத்த பிள்ளைகள் எங்களிடம் சொல்லாத அம்மா அவரிடம், ‘பக்கத்து வீட்டுக்காரிக்கு இப்படி ஒரு கட்டி இருக்காம், கரையதுக்கு மாத்திரை இருக்கா’ என்று கேட்டிருக்கிறாள். அந்த அக்கா கெட்டிக்காரி. ‘எந்தப் பக்கத்து வீடு, இப்பவே போய்ப் பாக்கேன்’ என்று எழுந்திருக்கிறார். அம்மா அழுதுவிட்டாள்.

மேமோகிராம் எடுத்து, ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்ததில் புற்றுதான், அக்குளுக்கும் போயிருந்தது. ஆபரேஷன், கீமோ எல்லாம் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் நடந்தது, அதனால் கல்யாண நகையில் கை வைக்க வேண்டி வரவில்லை. முடி கொட்டி இப்போது சுருள் சுருளாக முளைக்கிறது, முன்னாடி நேர்முடி! எட்டு மாசம் முன்னாடியே வந்திருந்தால் அக்குளுக்குப் போயிருக்காதோ என்று நான் டாக்டரிடம் கேட்கவில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது. பதில் தெரிந்துவிடுமே என்ற பயமும்தான்.


பாளை ரிட்டயர்டு:

தம்பி, உங்க அப்பா நல்லபடி இருக்கட்டும். ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதை யாரும் எழுத மாட்டார்கள் என்பதால் நான் எழுதுகிறேன். போன வருஷம் எனக்குத் தலைவலி. மகன் பயந்துபோய் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனான். ஸ்கேன், ரத்தம், இன்னொரு ஸ்கேன் என்று பதினோராயிரம் ரூபாய், கடைசியில் கண்ணாடி பவர் மாறியிருக்கிறது. பென்ஷன் வாங்குகிறவனுக்கு அது ஒரு பெரிய தொகை. இப்படி ஒரு தடவை அடிபட்டவன் அடுத்த தடவை நிஜமாகவே வலித்தாலும் போக யோசிப்பானா மாட்டானா?


நர்ஸம்மா (இப்போ வீட்டோடு):

பாளை அண்ணாச்சி சொல்வதில் நியாயம் இருக்கிறது, அதற்காகப் போகாமல் இருக்க முடியுமா. முதலில் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் பிரஷரும் சர்க்கரையும் பாருங்கள், காசே இல்லை. அங்கே பார்த்துவிட்டு அவர்கள் அனுப்பினால் மேலே போங்கள். எதற்கு எங்கே போக வேண்டும் என்றே தெரியவில்லையா, 104-க்கு போன் பண்ணிக் கேட்கலாம்.

கேஷுவாலிட்டியில் பல வருஷம் நின்றவள் நான், இந்த ‘முடியட்டும்’ கதை நிறைய பார்த்தாச்சு. பக்கவாதம் வந்தவரைக் கூட்டி வந்தால் நாங்கள் கேட்கிற முதல் கேள்வி, எத்தனை மணிக்கு ஆரம்பித்தது? ‘ஆடு அடைக்கிற நேரத்துல’ என்பார்கள். சரி, சாயங்காலம் ஆறு மணி. இப்போது மணி எத்தனை? மறுநாள் பத்து. நடுவில் என்ன செய்தீர்கள் என்றால், காத்துச் சேட்டை என்று நினைத்துச் சூடாக எண்ணெய் தேய்த்தோம். வாய் கோணி, கை தொங்கி, பேச்சு குழறினால் அடைப்பைக் கரைக்கிற ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், அதுவும் ஸ்கேன் எடுத்து ரத்தக் கசிவு இல்லை என்று தெரிந்த பிறகுதான், அதனால் வழியில் போகிற ஒவ்வொரு நிமிஷமும் கணக்கு. மறுநாள் காலையில் வந்தால் நாங்கள் அந்த ஊசியைக் கையில் வைத்துக்கொண்டும் போட முடியாது.

நாய்க்கடியும் அப்படித்தான். கடிவாயில் மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு, காப்பித்தூள்... ஒரு தாத்தா விளக்கெண்ணெய் பூசிக்கொண்டு நாலு நாள் கழித்து வந்தார், நாய் நல்லாத்தான் இருக்குதாம். குழாயைத் திறந்துவிட்டு சோப்புப் போட்டுக் கால்மணி நேரம் கழுவ வேண்டும், அன்றைக்கே ஊசி. அன்றைக்கு ஒன்று, அதிலிருந்து மூன்று, ஏழு, இருபத்தெட்டு நாள் கழித்து ஒவ்வொன்று என்று அட்டையில் எழுதிக் கொடுப்போம். ரெண்டு ஊசியோடு புண் ஆறிவிட்டது என்று நிறுத்துகிறவர்கள்தான் அதிகம், புண்ணுக்கா போடுகிறோம் அந்த ஊசியை? வெறிநோய் ஒருமுறை வெளியே தெரிந்துவிட்டால் பிழைப்பது ஏறக்குறைய இல்லை. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு மனசு வரவில்லை.

சேரன்மாதேவித் தம்பி, ஒன்று கேட்கட்டுமா. உனக்கு பிரஷர் கடைசியாக எப்போது பார்த்தே?


மீனாட்சிபுரம் வாசி:

என் கதை பொங்கல் முடியட்டும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழை யாருக்கும் மறந்திருக்காது. தாமிரபரணி வீட்டுக்குள் வந்துவிட்டது. தண்ணீர் வடிந்ததும் ஒரு வாரம் சேறு வழித்தோம், நான் வெறுங்காலோடு. பன்னிரண்டு வருஷமாக எனக்குச் சர்க்கரை, பாதத்தில் உணர்ச்சி குறைந்து வெகு நாளாகிறது, அதனால் பெருவிரலுக்குப் பக்கத்து விரலில் ஏதோ கிழித்தது எனக்குத் தெரியவே இல்லை, வீட்டுக்காரிதான் தரையில் ரத்தத்தைப் பார்த்தாள். மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் குழைத்துப் போட்டேன். அவள் தினமும் சொன்னாள். நான் தினமும், வீடே நாறிக் கிடக்கு, இந்தச் சின்னப் புண்ணுக்கு ஆஸ்பத்திரியா என்றேன். மழைத் தண்ணீரில் மாத்திரை டப்பாவும் போயிருந்தது, அதையும் திரும்ப வாங்கவில்லை.

பொங்கலுக்கு முன்னாடியே விரல் கறுக்க ஆரம்பித்தது. பொங்கல் முடிந்த மறுவாரம் எடுத்துவிட்டார்கள். ஒரு விரல்தானே, கால் தப்பித்ததே என்று எல்லோரும் ஆறுதல் சொல்கிறார்கள். செருப்பு வாங்கப் போனால்தான் அந்த ஒரு விரல் என்னவென்று தெரியும். இப்போது ராத்திரி படுக்கும்முன் கண்ணாடியைக் கீழே வைத்து உள்ளங்கால் பார்க்கிறேன், பேத்தி ‘தாத்தா காலுக்குப் பவுடர் போடப் போறீயளா’ என்று கேலி செய்கிறாள்.


வள்ளியூர் காத்தாடி:

எல்லாவற்றையும் படித்துவிட்டு மூன்று வாரமாக இருமுகிற எங்க அத்தானை இன்று காலை சளிப் பரிசோதனைக்கு இழுத்துக்கொண்டு போனேன். ரெண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் டி.பி. இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று சுவரில் எழுதிப் போட்டிருந்தது, அந்தச் சுவருக்கு எதிரில்தான் அவர் தினமும் டீ குடிக்கிறார். ரிசல்ட் இன்னும் வரவில்லை. என்னோடு பேசவும் இல்லை.


பாளை ரிட்டயர்டு:

நர்ஸம்மா சொன்னபடி நேற்று போய்ப் பார்த்தேன். பிரஷர் 130/80, சாப்பிடாமல் சர்க்கரை 118. நார்மலும் இல்லை, சர்க்கரை நோயும் இல்லை, நடுவில் நிற்கிறதாம், 126-ஐத் தொட்டால் நோய்க் கணக்கு. மூன்று மாசம் கழித்து வரச் சொன்னார்கள். அல்வாவைப் பற்றி அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.


சேரன்மாதேவிக்காரன்:

நர்ஸம்மா கேட்ட கேள்விக்குப் பதில் எழுத ரெண்டு நாள் ஆகிவிட்டது, மன்னிக்கவும். கடைசியாக எப்போது பார்த்தேன் என்று யோசித்தால் வேலையில் சேர்ந்தபோது எடுத்த மெடிக்கல்தான் நினைவுக்கு வருகிறது. எனக்கு வயது 38.

இன்று அப்பாவுக்கு மாத்திரை வாங்கப் போன இடத்திலேயே கையை நீட்டினேன். 148/96. கொஞ்ச நேரம் உட்காரவைத்துத் திரும்பவும் பார்த்தார்கள், 144/94. ஒரு நாள் அளவை வைத்து முடிவு செய்ய மாட்டார்களாம், நாளைக்கும் அடுத்த வாரமும் வரச் சொல்லியிருக்கிறார்கள், சாப்பிடாமல் வந்து ரத்தமும் கொடுக்க வேண்டும். சென்னை டிக்கெட்டை ரத்து செய்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்தால் அப்பா திண்ணையில். ‘எவ்வளவுலே?’ என்றார். சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் அம்மாவைப் பார்த்து, ‘ஏளா, இவனுக்குக் கொஞ்சம் ஓமத் தண்ணி வையி, வாயுவா இருக்கும்’ என்றார்.