அரசறிவியலைச் சிறப்புக்கலைக்கு எடுக்கலாமா?

விசுவமடு மாணவி:
யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கலைப்பீடத்துக்குத் தெரிவாகியிருக்கிறேன். அரசறிவியலைச் சிறப்புக்கலைக்கு (நாலு வருடச் சிறப்புப் பட்டத்துக்கு) எடுக்கத்தான் விருப்பம். அம்மாவோ, "நாலு வருசம் அரசியல் படிச்சு ஆருக்குப் பேசப் போறாய்?" என்கிறார். படித்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

கிளிநொச்சி அக்கா:
எடுங்கோ தங்கச்சி. நான் அதைப் படித்துவிட்டுப் பிரதேச செயலகம் ஒன்றின் காணிக் கிளையில் வேலை செய்கிறேன். உயர்தரத்தில் சோல்பரி, 1972, 1978 என்று அரசியல் யாப்புகளைப் பாடமாக்கியிருப்பீர்கள். கம்பஸில் ஏன் என்று கேட்கப் பழகுவீர்கள். உங்கள் ஊரையே பாருங்கோ. பக்கத்துத் தருமபுரம் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் வாக்களிக்கிறது, விசுவமடு வன்னியில். பரந்தன் - முல்லைத்தீவு வீதியில் அடுத்தடுத்த ஊர்கள்தானே! கிளிநொச்சி 1984 இல்தான் தனி நிர்வாக மாவட்டமானது. தேர்தல் மாவட்டங்களை அதற்கு முன்பே பிரித்துவிட்டார்கள். கிளிநொச்சி யாழ்ப்பாணத்தோடு, மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மூன்றும் சேர்ந்து வன்னி. அதனால் இன்றும் நிர்வாக மாவட்டம் 25, தேர்தல் மாவட்டம் 22.

காணி இன்னும் பெரிய பாடம். அண்மையில் ஒரு அம்மா, அரச காணிக்குக் கொடுத்த பெர்மிட்டைப் பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு வந்தார். இறந்த கணவரின் பெயரில் இருந்தது, பின்னுரித்தாளர், அதாவது அவருக்குப் பிறகு காணி யாருக்கு என்று பெயர் எழுதும் இடம் வெறுமை. அப்படியானால் யாருக்குப் போகும் என்பதை 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் தீர்மானிக்கிறது. அந்த உரிமை வரிசையைச் சொல்லும் அதன் மூன்றாம் அட்டவணையில் முன்பு மகளுக்கு முன் மகன். 2022 இல்தான் அதைத் திருத்தினார்கள். வன்னியில் எத்தனை பெண்கள் தனியே குடும்பம் நடத்துகிறார்கள், உங்களுக்கே தெரியும். அரசியல் யாப்பின் 13ஆவது திருத்தம் காணியை மாகாண சபைகளின் அதிகாரப் பட்டியலில் போட்டுவிட்டு, அரச காணியைக் குடியரசிடமே வைத்ததையும் இதோடு சேர்த்துப் படித்தால், உங்கள் அம்மாவின் கேள்விக்கு உங்களிடமே பதில் இருக்கும்.

வவுனியா அண்ணா:
வேலையையும் யோசியுங்கோ. இந்தப் பட்டத்துக்கென்று தனி வேலை காத்திருக்காது. நிர்வாக சேவைப் பரீட்சைக்கு எந்தத் துறைப் பட்டதாரியும் தோற்றலாம், போட்டி கடுமை. முதல் வருடமே சிங்களத்தையும் ஆங்கிலத்தையும் பிடியுங்கோ. சட்டங்கள் மும்மொழியிலும் இணையத்தில் கிடைக்கும். ஒரே சட்டத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பக்கத்தில் வைத்து வாசித்தால் இரண்டும் சேர்ந்து வரும்.

விசுவமடு மாணவி:
நன்றி அண்ணா. அக்கா, எங்கள் அம்மம்மாவின் காணியும் பெர்மிட்தான். இறுதி வருட ஆய்வுக்கு இதையே எடுக்கலாமா?

கிளிநொச்சி அக்கா:
தாராளமாக. முதலில் அந்தச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையையும் 2022 திருத்தத்தையும் வாசியுங்கோ. அதோடு, அம்மம்மாவின் பெர்மிட்டில் பின்னுரித்தாளர் பெயர் இருக்கிறதா என்று இண்டைக்கே பாருங்கோ.