கிளார்க் வடமேற்கை வென்றாராம்! டெட்ராய்ட் எங்கே?

ஏட்டுச்சுரைக்காய்: அமெரிக்கப் புரட்சிப் போர் பற்றிக் கோட்டைவாசல் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. வர்ஜீனியாவின் படைத்தளபதி ஜார்ஜ் ராஜர்ஸ் கிளார்க் 170 பேரை வைத்துக்கொண்டு, ஓஹியோ ஆற்றுக்கு வடக்கே கிடந்த அன்றைய வடமேற்கு முழுவதையும் வென்றுவிட்டாராம். முழுவதையுமா? அங்கே பிரிட்டிஷாரின் தலைமையிடமான டெட்ராய்ட் 1796 வரை அவர்கள் கையில்தான் இருந்தது. திண்ணையில் உட்கார்ந்தவன் வீட்டையே பிடித்துவிட்டதாகச் சொல்வதா?

கோட்டைவாசல்: 1779 பிப்ரவரி. கிளார்க் தங்கியிருந்த கஸ்காஸ்கியா ஊரிலிருந்து, பிரிட்டிஷார் கையிலிருந்த வின்சென்ஸ் கோட்டைக்கு 180 மைல். வபாஷ் ஆறு கரைபுரண்டு காடெல்லாம் வெள்ளம். தோள்வரை தண்ணீரில், துப்பாக்கியைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு, பட்டினியோடு நடந்தார்கள். மேட்டுக்குப் பின்னால் கொடிகளை முன்னும் பின்னும் நடத்தி, ஆயிரம் பேர் வருவதுபோல் காட்டினார் கிளார்க். 25ஆம் தேதி கோட்டையில் இருந்த பிரிட்டிஷ் துணை ஆளுநர் ஹென்றி ஹாமில்டன் சரணடைந்தார். இதுதான் உங்கள் திண்ணையா? மார்கழியில் குளத்தில் கால் நனைத்ததுண்டா நீங்கள்?

ஏட்டுச்சுரைக்காய்: என் குளியல் கிடக்கட்டும். அந்த 170 பேரில் ஏறக்குறையப் பாதிப்பேர் இல்லினாய் ஊர்களின் பிரெஞ்சுக்காரர்கள். அதையும் விழுங்கிவிட்டீர்கள். சரி, டெட்ராய்ட்?

நெல்லிக்காய்: லூயிஸோடு நாடாய்வுப் பயணமாகப் பசிபிக் கடல்வரை போனவர் இவர்தானே?

கோட்டைவாசல்: அது தம்பி வில்லியம். தெரியாவிட்டால் சும்மா இருங்கள்.

நெல்லிக்காய்: கேட்டது குற்றமா? போன மாதம் நெப்போலியன் பேச்சிலும் இப்படித்தான் என்மேல் பாய்ந்தீர்கள். மறக்கவில்லை.

வேலிக்கள்ளி: வீரம் பாடுகிறவர்கள் இதையும் பாடுங்கள். பிடிபட்ட பூர்வகுடி வீரர்களைக் கோட்டைக்கு எதிரே உட்காரவைத்துக் கைக்கோடரியால் வெட்டினார்கள். உள்ளே இருப்பவர்கள் பார்க்கவேண்டும் என்றே செய்தது.

கோட்டைவாசல்: கொல்லப்பட்டவர்களின் தலைமுடியைத் தோலோடு காசுக்கு வாங்குகிறார் என்று ஹாமில்டனுக்கு எல்லைப்புறத்தில் 'தலைமுடி வாங்குபவர்' என்று பெயர். சும்மா வந்த பெயரா?

வேலிக்கள்ளி: அவர் காசு கொடுத்து வாங்கினார் என்று யாரும் நிரூபிக்கவில்லை. கோடரி விழுந்ததோ கிளார்க்கின் உத்தரவில்.

ஏட்டுச்சுரைக்காய்: இரண்டு பேரும் பேச்சை மாற்றுகிறீர்கள். டெட்ராய்ட்!

கோட்டைவாசல்: போரை முடித்த 1783 பாரிஸ் உடன்படிக்கையில் அந்த நிலமெல்லாம் அமெரிக்காவுக்கு வந்ததே, எப்படி?

ஏட்டுச்சுரைக்காய்: மேசையில் பேசி வந்தது. நீங்களே சொல்லிவிட்டீர்கள், நன்றி.

நெல்லிக்காய்: கிளார்க்கின் முடிவைப் பாருங்களேன். படைக்குச் சாமான் வாங்கத் தன் பெயரில் கடன்பட்டார். ரசீது இல்லை என்று வர்ஜீனியா கைவிரித்தது. பிறகு ஒரு காலையும் வெட்டி எடுத்தார்கள். 1818இல் போய்ச் சேர்ந்தார். அந்த ரசீதுகள் வர்ஜீனியாவின் தலைநகர் ரிச்மண்டில் 1913இல் கட்டுக்கட்டாகக் கிடைத்தன!

ஏட்டுச்சுரைக்காய்: பாவம்தான். பாவம் வேறு, டெட்ராய்ட் வேறு.

கோட்டைவாசல்: கடைசியாகச் சொல்கிறேன். 1781இல் டெட்ராய்ட்மீது படையெடுக்கத்தான் கிளம்பினார். 2,000 பேர் தருவதாகச் சொன்னார்கள். அதில் கால்வாசிகூட வரவில்லை. ஆள் இல்லாமல் எதைப் பிடிப்பது?

ஏட்டுச்சுரைக்காய்: ஆக, பிடிக்கவில்லை.

கோட்டைவாசல்: உங்களோடு பேசுவதற்கு வபாஷில் இறங்கி நடக்கலாம்.

ஏட்டுச்சுரைக்காய்: நடங்கள். டெட்ராய்ட் வந்ததும் சொல்லி அனுப்புங்கள்.