வீட்டு வாட்ஸ்அப் குழுவில், ரிப்போர்ட் வந்த இரவு

சின்ன அக்கா: ரிப்போர்ட் வந்துவிட்டது. ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் பாசிட்டிவ் என்று போன வாரமே சொன்னேனே, இப்போது வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் வைரஸ் அளவு, ஒரு மில்லிக்கு 4 கோடி யூனிட்டாம். இன்றிலிருந்தே டெனோஃபோவிர் 300 மாத்திரை தினம் ஒன்று போடச் சொல்கிறார் டாக்டர். 29 வாரம் ஆகிறது. வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு போடலாமா?

சின்ன மாமா: அண்ணி, கூகுளில் பார்த்தால் எச்ஐவி மருந்து என்று வருகிறது. எனக்குக் கை கால் ஓடவில்லை.

பெரிய அக்கா: டூட்டி முடிந்து இப்போதுதான் போனை எடுத்தேன். தம்பி, முதலில் தண்ணீர் குடியுங்கள். எச்ஐவிக்கும் இதே மாத்திரை உண்டு. இரண்டு வைரஸும் பெருகுவதற்கு ஒரே மாதிரி வழியைப் பிடிக்கின்றன, இந்த மருந்து அந்த வழியை அடைக்கிறது. தங்கச்சிக்கு எச்ஐவி நெகட்டிவ் என்று அவள் அட்டையிலேயே எழுதியிருக்கிறது.

பெரிய அக்கா: ஹெபடைடிஸ் பி வைரஸ் அதிகமாக உள்ள கர்ப்பிணிகளுக்கு இந்த மாத்திரையைக் கொடுக்கச் சொல்லி 2020-லேயே உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்துவிட்டது. எங்கள் லேபர் வார்டுக்கு வரும் எத்தனையோ பேர் இதைப் போட்டவர்கள்தான். சிறுநீரகம் எப்படி என்று காட்டும் கிரியேட்டினின் பார்த்தார்களா?

சின்ன அக்கா: பார்த்தார்கள், நார்மல்.

பெரிய அக்கா: அப்படியென்றால் இன்று ராத்திரியே ஆரம்பி.

பெரியம்மா: பிள்ளை பிறந்ததும் ஊசி போடுவார்களே, அது போதாதா? எதற்கு இப்போதே மாத்திரை?

பெரிய அக்கா: நல்ல கேள்வி பெரியம்மா. ஊசி நன்றாகத்தான் வேலை செய்யும். ஆனால் அம்மாவின் ரத்தத்தில் ஒரு மில்லிக்கு 2 லட்சம் யூனிட்டுக்கு மேல் இருந்தால், ஊசியையும் மீறிச் சில குழந்தைகளுக்குத் தொற்றிவிடுகிறது. இவளுக்கு 4 கோடி. பிரசவத்துக்குள் அதை இறக்கத்தான் மாத்திரை. பெரியவர்களுக்கு இந்தத் தொற்று வந்தால் பெரும்பாலும் தானே போய்விடும். பிறக்கும்போது வந்தால் 100-ல் 90 குழந்தைகளுக்கு அப்படியே தங்கிவிடும். பிறகு ஈரல் சுருக்கம், ஈரல் புற்றுநோய் என்று போகலாம்.

பெரியம்மா: கீழாநெல்லியை அரைத்து மோரில் கொடுத்தால் காமாலை இறங்குமே அம்மா.

பெரிய அக்கா: நம் ஊர் மருந்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். இந்த வைரஸைக் கண்டுபிடித்து 1976-ல் நோபல் பரிசு வாங்கிய ப்ளம்பெர்க்கே சென்னை ஆய்வாளர்களோடு சேர்ந்து கீழாநெல்லியைச் சோதித்துப் பார்த்தார். 1988-ல் நம்பிக்கையான முடிவு வெளியானது. ஆனால் பிறகு மற்ற இடங்களில் செய்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. வயிற்றுப் பிள்ளை விஷயத்தில் அதை நம்பி மாத்திரையை விட முடியாது பெரியம்மா.

பெரியம்மா: சரி, நீ சொன்னால் சரி.

சின்ன அக்கா: அக்கா, இன்று கவுண்டரில் "அந்த பாசிட்டிவ் பொம்பளை எங்கே" என்று சத்தமாகக் கூப்பிட்டார்கள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வீட்டுக்கு வந்தால் அம்மா எனக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைத்திருக்கிறார்.

நான்: அம்மா?!

அம்மா: பயத்தில் செய்துவிட்டேன் கண்ணு.

பெரிய அக்கா: அம்மா, இது சாப்பாட்டில் பரவாது. கட்டிப்பிடித்தால் பரவாது. ரத்தம், உடலுறவு, பிரசவம், இவைதான் வழி. பிளேடும் பிரஷ்ஷும் மட்டும் தனியாக இருக்கட்டும். நாளை பிள்ளைக்குத் தாய்ப்பாலும் தாராளமாகக் கொடுக்கலாம். இதற்காக சிசேரியனும் வேண்டாம்.

பெரிய அக்கா: தம்பி, உங்களுக்கு ஒரு வேலை. குழந்தையைத் துடைத்து எடை பார்த்த கையோடு ஒரு தொடையில் தடுப்பூசி, இன்னொரு தொடையில் இம்யூனோகுளோபுலின், அதாவது வைரஸை உடனே எதிர்க்கும் தயார்நிலை எதிர்ப்புப் பொருள் ஊசி. தடுப்பூசி 24 மணி நேரத்துக்குள் போயே ஆக வேண்டும். இம்யூனோகுளோபுலினை 12 மணி நேரத்துக்குள் போட்டுவிடுவது நல்லது. அது எல்லா இடத்திலும் கையிருப்பில் இருக்காது. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வலி வந்தால் எங்கே தேடுவீர்கள்? 34-ஆவது வாரத்திலேயே கேட்டு வையுங்கள். அட்டையின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதச் சொல்லுங்கள். அப்புறம் 6, 10, 14 வாரத்தில் வழக்கமான ஊசிகள். 9 மாதத்துக்கு மேல் குழந்தைக்கு ஒரு ரத்தப் பரிசோதனை.

சின்ன மாமா: எழுதிக்கொண்டேன் அண்ணி. மாத்திரைக்கு ராத்திரி 9 மணிக்கு அலாரம் வைத்துவிட்டேன், இரண்டு போனிலும்.

பெரிய அக்கா: பிள்ளை பிறந்துவிட்டது என்று நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்திய பிறகு சிலருக்கு ஈரல் வீக்கம் திரும்பும், டாக்டர் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

அம்மா: என் அண்ணன் வயிறு வீங்கித்தான் போனார். குடித்துக் கெட்டார் என்று ஊரே சொன்னது. அவர் ஒரு நாள்கூடக் குடித்ததில்லை. அது இதுதானா? என்னிடமிருந்துதான் இவளுக்கு வந்ததா?

பெரிய அக்கா: தெரியாது அம்மா. வந்திருந்தாலும் உன் தப்பு இல்லை. இந்தத் தடுப்பூசி அரசுத் திட்டத்தில் 2002-ல் சில இடங்களில் தொடங்கி, 2011-க்குப் பிறகுதான் நாடு முழுக்கப் போனது. இவள் பிறந்தது 1997. உன்னை அன்று யாரும் சோதிக்கவே இல்லை. நாளை நாம் எல்லோரும் போய்ப் பார்த்துவிடலாம். நெகட்டிவ் என்றால் ஊசி, பாசிட்டிவ் என்றால் டாக்டர் பார்த்துத் தேவைப்பட்டால் சிகிச்சை. 2018-ல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தில் அரசு மருத்துவமனைகளில் மருந்து இலவசம்.

நான்: நானும் வருகிறேன். மாமா, நீங்களும் அங்கேயே பார்த்துவிடுங்கள்.

சின்ன அக்கா: மாத்திரை போட்டுவிட்டேன். பிள்ளை இப்போது உதைக்கிறது.

அம்மா: தட்டையும் டம்ளரையும் எல்லாவற்றோடும் சேர்த்துக் கழுவிக் கவிழ்த்துவிட்டேன். நாளை ரத்தம் கொடுக்க வெறும் வயிற்றோடு வர வேண்டுமா?

பெரிய அக்கா: வேண்டாம் அம்மா. சாப்பிட்டுவிட்டே வா.