1923 ஒரு டாலர் சில்வர் சர்டிபிகேட்: உறையில் உள்ளதா, வெறும் தாளா?

நீலமுத்திரை

அமெரிக்காவில் பெரிய அளவு நோட்டுகள் வந்த காலத்தின் கடைசி ஒரு டாலர் சில்வர் சர்டிபிகேட் (அன்று வெள்ளிக்கு மாற்றிக்கொள்ளக் கூடிய நோட்டு), 1923 வரிசை. நடுவில் வாஷிங்டன், நீல முத்திரை, கருவூல அதிகாரிகள் ஸ்பீல்மன்–வொய்ட் கையொப்பம், ஃப்ரீட்பெர்க் பட்டியல் எண் 237. இரண்டு விற்பனைக்கு வந்திருக்கின்றன. ஒன்று பிஎம்ஜி உறையில் இருக்கிறது (நோட்டுகளைத் தரம் பார்த்துப் பிளாஸ்டிக் உறையில் அடைத்துத் தரும் நிறுவனம்), தரம் 70-க்கு 58, ஆனால் தாளின் இயல்பு கெடவில்லை என்று காட்டும் ஈபிக்யூ எழுத்து இல்லை. மற்றது வெறும் தாள். விற்பவர் "ஏறக்குறைய புதுசு" என்கிறார், விலை முதலாவதில் பாதிக்குச் சற்று மேல். இரண்டுக்கும் ஸ்கேன் படம் மட்டும்தான் கொடுத்திருக்கிறார்கள். எதை எடுக்கலாம்? காரணத்தோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

வில்லைக்கண்

வெறும் தாள். உறையில் உள்ளதை விட்டுவிடுங்கள்.

58 என்ற எண்ணைவிட, அதன் பக்கத்தில் இல்லாத எழுத்துகள்தான் முக்கியம். படத்தின் குறுக்கே ஒரே ஒரு மடிப்பு இருந்தால் 58 தருவார்கள். தாளில் யாரும் கை வைக்கவில்லை என்றால் ஈபிக்யூவும் சேர்ந்து வந்திருக்கும். வரவில்லை. அப்படியானால் கழுவியிருக்கலாம், ஈரம் காட்டி அழுத்தியிருக்கலாம். மூன்று மடிப்போடு நாற்பதுகளில் நிற்க வேண்டிய தாள், அழுத்தியதால் 58 வரை ஏறியிருக்கவும் கூடும். முன்பக்க லேபிள் இதைச் சொல்லாது.

அழுத்தினால் என்ன போய்விடும்? அந்தக் காலத்து நோட்டு, செதுக்கிய தகட்டிலிருந்து ஈரத்தாளில் அச்சானது. தகட்டின் பள்ளத்துக்குள் தாளே இறங்கி மையை எடுத்துக்கொண்டு வரும். அதனால் கோடுகள் மேடாக நிற்கும், விரல் நுனியில் சொரசொரக்கும். சீரியல் எண்ணும் முத்திரையும் பிறகு வேறு அச்சில் மேலிருந்து குத்தியவை. அவற்றின் தடம் பின்பக்கம் புடைத்துத் தெரியும். ஈரம் காட்டி அழுத்தும்போது முதலில் சாவது இந்தப் புடைப்புதான். மடிப்பு மறைகிறதோ இல்லையோ, இது மறைந்துவிடும், திரும்ப வராது. பத்து மடங்கு லென்ஸில் பார்த்தால் பழைய மடிப்பின் முதுகில் நார் உடைந்து மை உதிர்ந்த மெல்லிய வெள்ளைக் கோடும் தெரியும். எந்த அழுத்தமும் அந்த மையைத் திரும்பக் கொண்டுவராது.

பஞ்சுத்தாள்

வில்லைக்கண் சொல்லும் சோதனைகளில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அத்தனையும் தாள் கையில் இருக்கும்போது செய்யக் கூடியவை. கேட்டவரிடம் இருப்பது இரண்டு ஸ்கேன். ஸ்கேனர் மூடி தாளைக் கண்ணாடியோடு சேர்த்து அமுக்குகிறது, நிழல் விழ இடமே தருவதில்லை. லேசான மடிப்பு காணாமல் போகும், தாளின் மேடு பள்ளமும் போகும். அழுத்திய தாளும் அழுத்தாத தாளும் ஸ்கேனில் ஒன்றுபோலவே இருக்கும். அப்படி இருக்க, எந்த ஆதாரத்தில் வெறும் தாளை எடுக்கச் சொல்கிறீர்கள்?

உறையில் உள்ளதில் சில விஷயங்கள் தீர்ந்துவிட்டன. நோட்டு அசல். ஓரம் வெட்டியிருந்தாலோ கிழிசலை ஒட்டியிருந்தாலோ கண்டுபிடிக்கப் பழகிய ஒருவர் பார்த்திருக்கிறார். ஈபிக்யூ இல்லை என்பதும் ஒரு தகவல்தான். விலையை அதற்கேற்பக் கேட்கலாம். வெறும் தாளில் அந்தத் தகவலும் கிடையாது.

முன்பக்க லேபிள் சொல்லாது என்பது உண்மை, ஆனால் பின்பக்கத்தில் ஒரு குறிப்பு வரி உண்டு. ஊசித்துளை, கறை, ஒட்டிய கிழிசல், ஆல்பத்தில் ஒட்டி வைத்த தடம், துரு எல்லாம் அங்கேதான் எழுதுவார்கள். விற்பவர்கள் பலர் முன்பக்கப் படத்தை மட்டும் போடுகிறார்கள். உறையின் பின்பக்கப் படத்தைக் கேட்காமல் ஒரு காசு அனுப்பாதீர்கள். லேபிள் எண்ணை நிறுவனத்தின் தளத்தில் போட்டு, அங்கே வரும் சீரியல் எண்ணும் படமும் பொருந்துகிறதா என்றும் பாருங்கள். போலி உறைகள் சுற்றுகின்றன, வெட்டித் திறந்து வேறு தாளை வைத்து ஒட்டியவையும் உண்டு. உறையின் ஓரத்து ஒட்டு நெடுக ஒரே சீராக இருக்க வேண்டும்.

வில்லைக்கண்

ஸ்கேன் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. ஸ்கேனை நம்பி எந்தத் தாளையும் எடுக்கக் கூடாது. அதனால்தான் வேறு படம் கேட்க வேண்டும் என்கிறேன். இரண்டு விற்பனையாளர்களிடமும் இதையே கேளுங்கள்:

அறை விளக்கை அணைத்துவிட்டு, நோட்டை மேசையில் எதுவும் அமுக்காமல் வைக்க வேண்டும். கைப்பேசி டார்ச்சை இடது ஓரத்தில், மேசையோடு ஏறக்குறைய படுத்தாற்போல, பத்துப் பதினைந்து டிகிரி சாய்வில் பிடிக்க வேண்டும். நேர் மேலிருந்து ஒரு படம். பிறகு டார்ச்சை மேல் ஓரத்துக்கு மாற்றி இன்னொன்று. மேலிருந்து கீழாக ஓடும் நெடுக்கு மடிப்பு இடது வெளிச்சத்தில்தான் தெரியும், இடமிருந்து வலமாக ஓடும் குறுக்கு மடிப்பு மேல் வெளிச்சத்தில். பின்பக்கத்துக்கும் இதே இரண்டு. கடைசியாக ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்து ஒன்று. ஊசித்துளை, தாள் மெலிந்த இடம், ஒட்டிய கிழிசல் இதில் அகப்படும்.

ஐந்து படம் அனுப்ப மறுக்கும் விற்பனையாளரிடம் வாங்க வேண்டியதில்லை. 1923 ஒரு டாலர் அரிதான நோட்டு கிடையாது. ஸ்பீல்மன்–வொய்ட், வுட்ஸ்–வொய்ட் இரண்டும் தாராளமாகக் கிடைக்கின்றன, வுட்ஸ்–டேட் கையொப்பம் மட்டும்தான் தேட வேண்டியது. காத்திருக்கலாம்.

ஊர்வங்கி

இருவரும் ஒரு டாலரை வைத்து மொத்தப் பொழுதுபோக்குக்கும் விதி எழுதுகிறீர்கள். நேஷனல் பேங்க் நோட்டுகளில் இந்த 58, 65 கணக்கு பெரிதாகச் செல்லாது. 1863 முதல் 1935 வரை பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஊர் வங்கிகள் தங்கள் பெயரோடு வெளியிட்டவை அவை. அதில் பார்ப்பது வங்கியின் சார்ட்டர் எண் (அரசு தந்த அனுமதி எண்), ஊர், மாநிலம், அந்த வங்கி நோட்டில் எத்தனை மிஞ்சியிருக்கின்றன என்பது. ஒரு சிற்றூர் வங்கியில் மூன்றே மூன்று தாள் மிஞ்சியிருந்தால், கந்தலாக வந்தாலும் ஏலத்தில் கை தூக்குவார்கள்.

கழுவுவதன் கொடுமையும் இங்கேதான் அதிகம். பெரிய அளவு நேஷனல் நோட்டில் வங்கித் தலைவரும் காசாளரும் பேனாவால் கையெழுத்திட்டார்கள், அல்லது ரப்பர் முத்திரை குத்தினார்கள். தண்ணீரில் போட்டால் முதலில் கரைவது அதுதான். அந்த ஊரில் அந்த மனிதர் அந்தத் தாளைத் தொட்டதற்கு இருந்த ஒரே சாட்சி, யாரோ அழுக்கு நீக்க ஆசைப்பட்டதால் போகிறது. மனம் பொறுக்கவில்லை. 1929 வரிசைச் சிறிய நோட்டுகளில் பழுப்பு முத்திரையோடு கையெழுத்தும் அச்சாகவே வந்துவிட்டதால் இந்தச் சிக்கல் இல்லை.

பஞ்சுத்தாள்

ஊர்வங்கி, உங்கள் வாதமே உறைக்குச் சாதகம். மங்கிய கையெழுத்தைப் புதுப் பேனாவால் மேலே எழுதுவது நேஷனல் நோட்டுகளில்தான் நடக்கிறது. பழைய மை பழுப்பாகி நாருக்குள் இறங்கியிருக்கும். புது மை நாரின் மேலேயே கறுப்பாக நிற்கும், கோட்டின் ஓரத்தில் பழைய கோடு இரட்டையாகத் தெரியும். மூலை ஒட்டிய நோட்டுகளும் அங்கே அதிகம். தரம் முக்கியமில்லை என்பதால்தான் பழுது பார்ப்பவர்கள் துணிகிறார்கள். விலை ஆயிரக்கணக்கில் போகும் இடத்தில் இன்னொரு ஜோடிக் கண் வேண்டாமா?

ஒட்டுவேலைக்குப் புற ஊதா விளக்கு நல்ல சோதனை. பஞ்சும் லினனும் கலந்த பழைய நோட்டுத்தாள் இருட்டாகவே கிடக்கும். சலவைப் பொடியில் உள்ள வெண்மையூட்டி ஏறிய தாள் வெளிர் நீலமாக ஒளிரும். பின்னாளில் ஒட்டிய மூலை, பல பசைகள், தனியாகத் திட்டாகத் தெரியும்.

நீலமுத்திரை

கடையில் கிடைக்கும் சின்ன ஊதா டார்ச் போதுமா?

வில்லைக்கண்

395 நானோமீட்டர் என்று எழுதியது போதாது. அதன் ஊதா வெளிச்சமே தாளில் பட்டுத் திரும்பி, ஒளிர்வை மறைத்துவிடும். 365 நானோமீட்டர், முன்னால் கறுப்பு வடிகட்டி உள்ளது வாங்குங்கள். இருட்டறையில் கண் பழக இரண்டு நிமிடம் கொடுத்துப் பாருங்கள். ஒரு எச்சரிக்கை: துணி நூல் தூசும் நீலமாக மின்னும். புள்ளி புள்ளியாக மின்னினால் தூசு. முழுத்தாளும் சீராக வெளுத்தால் கழுவியது. நேரே அதன் மேல் துப்புரவு வேலையைத் தொடங்கிவிடாதீர்கள், மென்மையான தூரிகையால் தட்டிவிட்டாலே நூல் போய்விடும்.

வெண்மையூட்டி இல்லாத வெறும் தண்ணீரில் கழுவியிருந்தால் விளக்கு ஒன்றும் காட்டாது. அப்போது விரல்தான். தாளுக்கு விறைப்பைத் தருவது அதன் மேலுள்ள பசைப் பூச்சு. தண்ணீரில் அது போய்விட்டால் தாள் துணிபோலத் துவளும். கஞ்சி போட்டு விறைப்பைத் திரும்பக் கொண்டுவருபவர்களும் உண்டு, அந்த விறைப்பு அட்டைபோல இருக்கும், ஓரத்தை மெல்ல அசைத்தால் நோட்டுக்குரிய சலசலப்பு வராது. உறைக்குள் இருக்கும் தாளை விரலால் எப்படிக் கேட்பீர்கள், பஞ்சுத்தாள்?

மைக்காத்தாள்

பழுது பார்ப்பதே பாவம் என்ற தொனிக்கு ஒரு மறுப்பு. 1775 முதல் 1779 வரை தேதியிட்ட, அமெரிக்க விடுதலைப் போர்க் காலத்துக் கான்டினென்டல் நோட்டுகளை எடுங்கள். பிலடெல்பியாவின் ஹால் அண்ட் செல்லர்ஸ் அச்சகத்தார் அச்சிட்டவை, தாளில் மைக்காத் துகளும் நீல நாரும், பின்பக்கத்தில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் முறைப்படி எடுத்த இலை நரம்பு அச்சு. தடித்த தாள். பாதியாக மடித்து மடித்து நடுவே இரண்டாகிவிடும். அந்தக் காலத்து மக்களே நூலால் தைத்தார்கள், பின்னால் வேறு தாள் ஒட்டினார்கள், ஊசி குத்திச் சேர்த்து வைத்தார்கள். அந்தத் தையலைப் பிரித்தால்தான் தவறு. துருப்பிடித்த ஊசி இன்னும் இருந்தால் எடுத்துவிட வேண்டும், துரு தாளைத் தின்றுகொண்டே போகும். ஜப்பானிய மெல்லிய தாளும் கோதுமைக் கஞ்சியும் வைத்து, திரும்ப எடுக்கக் கூடியபடி ஒரு கிழிசலைத் தாங்கிப் பிடிப்பது காப்பு வேலை. அதை மறைத்து விற்பதுதான் மோசடி.

ஊர்வங்கி

ஒப்புக்கொள்கிறேன். திரும்ப எடுக்க முடியுமா, வாங்குபவரிடம் சொன்னீர்களா, இந்த இரண்டு கேள்விதான் எனக்கும். செலோடேப் இரண்டிலும் தோற்கிறது. அதன் பசை மஞ்சளாகித் தாளின் மறுபக்கம் வரை ஊறிவிடும், உரிக்கப் போனால் மேல்நாரும் சேர்ந்து வரும். லாமினேஷன் அதைவிடக் கொடியது.

பஞ்சுத்தாள்

விரல் கேள்விக்குப் பதில்: உறைக்குள் தொட முடியாது, சரி. ஆனால் புடைப்பைச் சாய்வெளிச்சத்தில் உறைக்கு மேலேயே பார்க்கலாம், பிளாஸ்டிக் மினுக்கம் விழாதபடி கேமராவைச் சற்றுத் தள்ளிப் பிடித்தால் போதும். ஆக, அந்த ஐந்து படத்தை இருவரிடமும் கேட்பது நல்ல யோசனை. அது உறைக்கு எதிரான வாதம் ஆகாது.

ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்கிறேன். விலை குறைந்த 1957 வரிசை சில்வர் சர்டிபிகேட்டை உறைக்கு அனுப்புவது வீண். கட்டணம், போக வரத் தபால், காப்பீடு சேர்ந்தால் நோட்டைப் போலப் பல மடங்கு. அதைக் கொடுத்து வெள்ளி வாங்கும் உரிமையும் 1968 ஜூன் 24-ஓடு முடிந்துவிட்டது, இன்னும் சிலர் "வெள்ளிக்கு மாற்றலாம்" என்று சொல்லி விலை ஏற்றுகிறார்கள்.

நீலமுத்திரை

படங்கள் வந்துவிட்டன. உறையில் உள்ள 58: பின்பக்கக் குறிப்பு வரி காலி. லேபிள் எண் தளத்தில் பொருந்துகிறது. சாய்வெளிச்சத்தில் பின்பக்கம் மழமழவென்று இருக்கிறது, சீரியல் எண்ணின் தடம் எங்குமே இல்லை.

வெறும் தாள்: பின்பக்கத்தில் எட்டு இலக்கமும் ஒன்றொன்றாகப் புடைத்துத் தெரிகின்றன, முத்திரையின் பற்கள்கூட எண்ணலாம். ஆனால் இடது வெளிச்சத்தில் நெடுக்கு மடிப்பு மூன்று. நடு மடிப்பில் மை சற்று உதிர்ந்திருக்கிறது. ஜன்னல் எதிரே துளை எதுவும் இல்லை.

வில்லைக்கண்

இரண்டாவது தாள் உயிரோடு இருக்கிறது. ஆனால் "ஏறக்குறைய புதுசு" இல்லை. மூன்று மடிப்பு என்றால் நாற்பதுகளின் தரம். அந்தத் தரத்து விலையைச் சொல்லிக் கேளுங்கள், மடிப்புப் படத்தையும் சேர்த்தே அனுப்புங்கள்.

பஞ்சுத்தாள்

படம் பார்த்த பிறகு எனக்கும் அதே எண்ணம், 40-க்கான விலைக்கு மேல் ஒரு டாலரும் வேண்டாம். பணம் அனுப்புமுன் ஒன்று மிச்சம். அளவுகோலை நோட்டின் மேல் வைத்து இரண்டு படம் கேளுங்கள். பெரிய அளவு நோட்டு ஏறக்குறைய 187 மில்லிமீட்டர் நீளம், 79 உயரம். அந்தக் காலத்து வெட்டு அவ்வளவு சீராக இருக்காது, ஒரு மில்லிமீட்டர் முன்பின் பரவாயில்லை. உயரம் 76-க்குக் கீழே வந்து, மேல் ஓரம் மட்டும் மற்ற மூன்றைவிட வெளுப்பாகவும் கூர்மையாகவும் இருந்தால், கிழிந்த ஓரத்தை யாரோ சீவியிருக்கிறார்கள். அப்போது புடைப்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

நீலமுத்திரை

கேட்டாயிற்று. 187, 79. நான்கு ஓரமும் ஒரே நிறம். 40-க்கான விலையைச் சொல்லியிருக்கிறேன். மைலார் (பாலியெஸ்டர் படலம்) உறை, பிவிசி கலக்காதது, பெரிய அளவுக்கு உரியதையே சொல்லிவிட்டேன், சிறிய அளவு உறையில் இது நுழையாது.