ஏழு பேர், தினம் 4 கிலோமீட்டர் பள்ளிக்கூடம், வருசத்துக்கு மூணு மலை: எந்த வண்டி எடுக்கறது?

கொடிவேரி கேட்டது:

வணக்கங்க. கோபி பக்கம் தோட்டத்துச் சாளை, அதாவது தோட்டத்து வீடு. வீட்டுல ஏழு பேரு: நாங்க ரெண்டு பேர், 13 வயசுப் பையன், 8 வயசுப் பொண்ணு, அவங்களோட அப்பாரு, அப்பத்தா (அப்பா வழித் தாத்தா, பாட்டி), அம்முச்சி (அம்மா வழிப் பாட்டி). அப்பத்தாவுக்கும் அம்முச்சிக்கும் முட்டி வலி, உயரமா ஏற முடியாது.

ஓட்டம் மாசம் 900 கி.மீ வரும். பள்ளிக்கூடம் 4 கி.மீ, காலைலயும் சாயந்திரமும் போய் வரணும். மாசம் ரெண்டு தரம் கோயமுத்தூர். வருசத்துல ரெண்டு மூணு தரம் வால்பாறை, ஊட்டி, பழனின்னு எல்லாரும் சேர்ந்து போவோம். மெயின் ரோட்டுல இருந்து சாளைக்கு 600 மீட்டர் இட்டேரி (குறுகலான தோட்டத்து வழி), ரெண்டு பக்கமும் கிளுவ வேலி, நடுவுல ஒரு வாய்க்கால் மேடு.

பட்ஜெட் ஆன் ரோடு 26 லட்சம். எக்ஸ்யூவி 700, சஃபாரி, ஸ்கார்பியோ என், இன்னோவா கிரிஸ்டா, ஹைகிராஸ்னு அஞ்சு வண்டி மனசுல ஓடுது. டீசலா பெட்ரோலா, ஆட்டோமேட்டிக்கா மேனுவலா, எதுவும் முடிவாகலைங்க. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

சென்னிமலைப் பட்டறை பதில்:

வண்டிப் பேரைத் தள்ளி வச்சுட்டு, எந்த சீட்ல யாரு உக்காருவாங்கன்னு ஒரு காகிதத்துல எழுதுங்க. உங்க கேள்விக்குப் பாதிப் பதில் அதுலயே இருக்குதுங்க.

எக்ஸ்யூவி 700, சஃபாரி, ஸ்கார்பியோ என் மூணுலயும் ஏழு சீட்டுன்னா 2+3+2. பெரியவங்க மூணு பேரும் நடு பெஞ்சுல, பசங்க பின்னால. இன்னோவா ரெண்டும் ஏழு சீட்டுல 2+2+3: நடுவுல தனித்தனி கேப்டன் சீட் ரெண்டு, பின்னால மூணு பேர். எட்டு சீட்டு எடுத்தா நடுவுலயும் பெஞ்சு வந்துரும்.

கேப்டன் சீட்ல பெரியவங்களுக்கு ஒரு சௌகரியம் இருக்குதுங்க. ரெண்டு பக்கமும் கை வைக்க இடம், பக்கத்து ஆள் மேல சாயற வேலை இல்லை. அப்பாருவை முன்னால உக்கார வச்சு, அப்பத்தாவையும் அம்முச்சியையும் கேப்டன் சீட்ல வச்சா, பசங்களோட அம்மா பின்னால போகணும். அவங்களுக்கு அது சம்மதமான்னு முதல்லயே கேட்டுக்குங்க. 2+3+2 வண்டில வேற சிக்கல். பின்னால இருக்கற பொண்ணுக்கு வாந்தி வருதுன்னா நடு சீட்டை மடிச்சாத்தான் இறங்க முடியும். எக்ஸ்யூவி 700 பெஞ்சுல இடது பக்க சீட்டுத்தான் குப்புற மடிஞ்சு வழி விடும். அதுல இருக்கற பெரியவங்க ஒவ்வொரு தரமும் இறங்கி ஏறணும். கேப்டன் சீட்டுன்னா நடு இடுக்குல ஒல்லியான பசங்க நுழைஞ்சு வந்துருவாங்க.

அடுத்தது ஏற்ற உயரம். கதவைத் திறந்து வச்சு அப்பத்தாவைப் பக்கத்துல நிக்கச் சொல்லுங்க. சீட்டு மெத்தை அவங்க தொடைக்கும் இடுப்புக்கும் நடுவுல வந்தா, முதுகைக் காட்டி உக்காந்து காலை உள்ள திருப்பிக்கலாம். இடுப்புக்கு மேல போச்சுன்னா ஏணி ஏறுற மாதிரிதான். சேலை கட்டினவங்களுக்கு அது இன்னும் கஷ்டம், முன் கொசுவம் காலுல சிக்கும். ஸ்கார்பியோ என் 1,857 மி.மீ உயரம், ஏணி மாதிரி இரும்புச் சட்டம் (லேடர் ஃபிரேம்) மேல உக்காந்த வண்டி, உள் தரை உசரம். படி போட்டாலும் ரெண்டு தரம் காலைத் தூக்கி வைக்கணும். அதுல மூணாவது வரிசைக்குத் தனியா ஏசி துவாரமும் இல்லை. சித்திரை வெயில்ல பசங்களைப் பின்னால உக்கார வைக்கற வீட்டுக்கு அதை நான் சொல்ல மாட்டேனுங்க. தோட்டத்துக்கும் கரடுக்கும் அது அருமையான வண்டி, அந்தத் தேவை வேற.

சாமான் இடமும் பாருங்க. ஏழு பேர் உக்காந்த பிறகு எக்ஸ்யூவி, சஃபாரி, ஸ்கார்பியோ மூணுலயும் பின் கதவுக்கும் சீட்டுக்கும் நடுவுல ரெண்டு மூணு சின்னப் பை செங்குத்தா நிக்கும், அவ்வளவுதான். இன்னோவாவுல சுமார் 300 லிட்டர் மிஞ்சும், ரெண்டு நாள் துணிமணியும் ஒரு தூக்குப் போசியும் தாராளமா வைக்கலாம். மத்த வண்டில அதெல்லாம் கூரைக்கு மேல கேரியர்லதான் போகணும்.

பவானிக்கரை பதில்:

எல்லோரும் டீசல் என்றுதான் சொல்வார்கள். முடிவெடுக்கும் முன் உங்கள் பள்ளிக்கூட ஓட்டத்தை யோசியுங்கள்.

பிஎஸ்6 புகை விதிப்படி வரும் டீசல் வண்டியின் புகைக்குழாயில் கரித்துகளைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டி இருக்கிறது. அது நிறைந்ததும் வண்டியே கூடுதல் டீசலைப் பீய்ச்சி, வடிகட்டியைச் சுமார் 600 டிகிரிக்குச் சூடாக்கிக் கரியை எரித்துவிடும். இதற்கு இன்ஜின் நன்றாகச் சூடாகி, நிற்காமல் 15 முதல் 20 நிமிடம் ஓட வேண்டும். 4 கி.மீ தூரத்தில் இன்ஜின் சூடாகவே நேரம் பத்தாது. எரிப்பு பாதியில் நின்றுபோய் அப்படியே திரும்பத் திரும்ப நடந்தால் இரண்டு கெடுதல்: கரி சேர்ந்துகொண்டே போகும், எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியே இறங்கி ஆயிலில் கலக்கும். ஆயில் குச்சியை எடுத்துப் பார்த்தால் அளவு குறைவதற்குப் பதிலாகக் கூடியிருக்கும், முகர்ந்தால் டீசல் வாடை அடிக்கும். அந்த ஆயில் டர்போவுக்கும் பேரிங்குக்கும் ஆகாது. குச்சியில் மேல் கோட்டைத் தாண்டினால் சர்வீஸ் தேதிக்குக் காத்திராமல் ஆயிலை மாற்றிவிட வேண்டும்.

எரிப்பு நடக்கிறது என்பதற்கு அடையாளங்கள் உண்டு. நிற்கும்போது ஆர்பிஎம் (இன்ஜின் சுற்று வேகம்) வழக்கத்தைவிடச் சற்று மேலே நிற்கும், ரேடியேட்டர் ஃபேன் பலமாகச் சுற்றும், மீட்டரில் மைலேஜ் சட்டென்று விழும். அந்த நேரத்தில் வீட்டு வாசலில் நிறுத்திச் சாவியைத் திருப்பாதீர்கள், இன்னும் பத்து பதினைந்து நிமிடம் ஓட்டிவிட்டு வாருங்கள். டிபிஎஃப் எச்சரிக்கை விளக்கு எரிந்தும் கவனிக்காமல் ஓட்டிக்கொண்டே இருந்தால் வண்டி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பிறகு சர்வீஸ் சென்டரில் ஸ்கேனர் போட்டு எரிக்க வேண்டும். அதிலும் சரியாகாவிட்டால் வடிகட்டியையே மாற்ற வேண்டிவரும், அது பெரிய செலவு.

பள்ளிக்கூடத்துக்கு ஸ்கூட்டரோ வீட்டில் இருக்கும் சின்ன காரோ போதும் என்றால் டீசல் தாராளமாக எடுக்கலாம். பெரிய வண்டியில்தான் போக வேண்டுமென்றால், வாரம் ஒரு நாள் பெருந்துறை–அவிநாசி நெடுஞ்சாலையில் 70–80 வேகத்தில், 2,000 ஆர்பிஎம் பக்கத்தில் வைத்து அரை மணி நேரம் ஓட்டுங்கள். மாதம் இரண்டு கோவைப் பயணத்தை மட்டும் நம்ப வேண்டாம், எரிப்பு வேண்டிய நாளும் பயண நாளும் ஒத்துவர வேண்டுமே.

செலவுக் கணக்கு: வருடம் 10,800 கி.மீ. டீசல் 13, டர்போ பெட்ரோல் 9, ஹைபிரிட் (இன்ஜினோடு மின் மோட்டாரும் சேர்ந்தது) இல்லாத ஹைகிராஸ் 10.5 கி.மீ தரும், பெட்ரோல் 101 ரூபாய், டீசல் 93 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு முறையே சுமார் 77,000, 1,21,000, 1,04,000 ரூபாய். ஹைபிரிட் ஹைகிராஸ்தான் குறுகிய ஓட்டத்துக்கு மிகப் பொருத்தம். நின்று நின்று போகும் இடத்தில் மோட்டார் இழுக்கும், டிபிஎஃப் தொல்லையும் கிடையாது. ஆனால் அது உங்கள் 26 லட்சத்தைத் தாண்டிப் போகும்.

விலைப்பட்டியலில் இன்னொன்றையும் பாருங்கள். தமிழ்நாட்டில் ஆயுள் வரி 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரை 18%, அதற்கு மேல் 20%. 19.9 லட்சம் வண்டிக்கு வரி சுமார் 3.58 லட்சம், 20.1 லட்சம் வண்டிக்கு 4.02 லட்சம். விலையில் 20,000 வித்தியாசம், வரியில் 44,000 வித்தியாசம். 20 லட்சத்தை ஒட்டி நிற்கும் வேரியன்ட் என்றால் ஒரு படி கீழே இறங்குவது நல்லது. 10 லட்சத்துக்கு மேல் விற்பவர் முன்கூட்டியே பிடிக்கும் 1% வரி (டிசிஎஸ்) உங்கள் பணம், வருமான வரிக் கணக்கில் திரும்பப் பெறலாம். அதை வண்டி விலையோடு சேர்த்துப் பார்க்க வேண்டாம்.

கொடிவேரி:

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றிங்க. பள்ளிக்கூடத்துக்கு ஸ்கூட்டர்லயே விட்டுக்கலாம்னு வீட்டுல பேசி முடிச்சாச்சு. அப்ப டீசல்தான். ஏழு பேரும் சேர்ந்து போற நாளை எண்ணிப் பார்த்தோம், நோம்பி, கல்யாணம், மலை எல்லாம் சேர்த்து வருசத்துக்கு 25 நாள் வருது. சாளை கேட்டு அகலம் சரியா எட்டு அடி. கிரிஸ்டா, எக்ஸ்யூவி 700 டீசல் ஆட்டோமேட்டிக், சஃபாரி ஆட்டோமேட்டிக்னு மூணுல வந்து நிக்குது. மலைக்கு எது?

ஆனைமலை அடிவாரம் பதில்:

ஆழியாறுல இருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி, உங்க பக்கம் பண்ணாரி–திம்பம் 27. மூணு வண்டியும் ஏறும், அதுல சந்தேகம் வேண்டாம். ஏறுற விதம்தான் வேற.

கிரிஸ்டா பின் சக்கரம் இழுக்கற வண்டி. ஏழு பேர் ஏறி மேட்டுல திரும்பறப்ப பாரம் பின்னால சாயும், இழுக்கற சக்கரம் தரையை நல்லாப் பிடிக்கும். 343 நியூட்டன் மீட்டர் இழுவை கீழ் ஆர்பிஎம்லயே கிடைக்கும், 5.4 மீட்டர் ஆரத்துல திரும்பும். எக்ஸ்யூவி, சஃபாரி முன் சக்கரம் இழுக்கறது. எக்ஸ்யூவியில மட்டும் டீசல் ஆட்டோமேட்டிக்ல நாலு சக்கர இழுவை கிடைக்கும், விலை கூட. ஈரமான கொண்டை ஊசில உள்பக்க முன் சக்கரம் ஒரு விநாடி வழுக்கும், வழுக்கலைத் தடுக்கற கன்ட்ரோல் விளக்கு மினுங்கும். பயப்பட ஒண்ணுமில்லை, ஆக்சிலரேட்டரைச் சீரா மிதிச்சாப் போதும்.

அதே நேரம் கிரிஸ்டா டீசல் இப்ப மேனுவல் மட்டும்தான் வருது, 5 கியர். சீசன்ல பர்லியாறு–குன்னூர் நெரிசல்ல மணிக்கணக்கா மேட்டுல நின்னு நின்னு போகறப்ப இடது முட்டி என்ன பாடுபடும்னு யோசிச்சுக்குங்க. அரைக் கிளட்சுல வண்டியைப் பிடிச்சு நிறுத்தினா கிளட்ச் கருகி வாடை வரும். கை பிரேக் போட்டு நிக்கணும். எக்ஸ்யூவி, சஃபாரி ரெண்டோட ஆட்டோமேட்டிக்கும் டார்க் கன்வெர்ட்டர், அதாவது கிளட்சுக்குப் பதிலா ஆயில் வழியா இழுவையைக் கடத்தற வகை, மலை நெரிசலைத் தாங்கும்.

இறக்கம்தான் முக்கியம். ஆட்டோமேட்டிக்கை 'டி'யில விட்டுட்டு பிரேக்கை மட்டும் நம்பி இறங்கறாங்க. மேனுவல் மோடுக்கு மாத்தி ரெண்டாவது கியர்ல வைங்க, இன்ஜினே பிடிக்கும். பிரேக் ஆயில் காத்துல இருக்கற ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 ஆயில் புதுசுல குறைஞ்சது 230 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் ஏறினதுக்கு அந்த அளவு 155 டிகிரிதான். கொதிச்சு குமிழி வந்துட்டா பெடல் பஞ்சு மாதிரி உள்ள போயிரும். அதனால ரெண்டு வருசத்துக்கு ஒரு தரம் கண்டிப்பா மாத்தணும், கி.மீ ஓடலைன்னாலும்.

மலைக்கு முன்னால டயர் காத்து பாருங்க. டிரைவர் கதவு ஓரத்துல ஒட்டியிருக்கற தாள்ல முழுப் பாரத்துக்குத் தனி அளவு போட்டிருக்கும். அதைப் பின் டயருக்கு வைக்காம ஏழு பேரோட போனா வளைவுல வண்டி ஆடும், டயரும் சூடாகும். பின்னால இருக்கற பசங்களுக்கு வாந்தி வர்றதுக்கு அந்த ஆட்டம் ஒரு காரணம்.

ஆடிக் காத்துல பல்லடம்–உடுமலைப் பக்கம் போற ஆளுன்னா கவனிங்க, உயரமான வண்டியைப் பக்கவாட்டுக் காத்து தள்ளும். இந்த மூணுல சஃபாரி அகலமா ஊணி நிக்கும், நேர் ரோட்டுல நெஞ்சை நிமித்திப் போகும். விபத்துச் சோதனையிலயும் 2023ல பாரத் என்கேப் 5 நட்சத்திரம் குடுத்திருக்குது, பெரியவங்களுக்கு 32க்கு 30.08, குழந்தைங்களுக்கு 49க்கு 44.54.

சென்னிமலைப் பட்டறை:

எட்டு அடி கேட்டுன்னா 2.44 மீட்டர். சஃபாரி உடம்பு 1.92, எக்ஸ்யூவி 1.89, கிரிஸ்டா 1.83 மீட்டர். கண்ணாடி விரிச்சா மொத்தத்துல இன்னொரு சாண் கூடும். சஃபாரிக்குப் பக்கத்துக்கு அரை சாண் இடம்தான் மிஞ்சும். கேட்டு நேரா இருந்தா சமாளிக்கலாம், இட்டேரியில திரும்பின உடனே கேட்டுன்னா தினம் சிராய்ப்புத்தான். எந்த வண்டி எடுத்தாலும் கிளுவ வேலியை மழைக்கு முன்னாடி ஒரு தரம் வெட்டி விடுங்க.

வாய்க்கால் மேட்டுக்கு கம்பெனி சொல்ற தரை இடைவெளியை அப்படியே நம்பாதீங்க. ஏழு பேரும் சாமானும் ஏறினா பின்பக்கம் இறங்கும். மேட்டை விட்டு இறங்கறப்ப பின் பம்பரோட அடியும், கீழ தொங்குற ஸ்டெப்னியும்தான் முதல்ல உரசும்.

என் முடிவு இதுங்க. 25 நாள்ங்கறது கம்மி இல்லை, முட்டி வலி ரெண்டு பேர், வழி குறுகல்: ஓட்டற ஆளுக்கு கிளட்ச் தொந்தரவு இல்லைன்னா கிரிஸ்டா. கிளட்ச் வேண்டாம்னா எக்ஸ்யூவி 700 டீசல் ஆட்டோமேட்டிக், சாமானுக்குக் கூரை கேரியர்.

பவானிக்கரை:

எக்ஸ்யூவி டீசல் என்றால், புகையைச் சுத்தமாக்க ஊற்றும் ஆட்புளூ திரவத்தையும் நினைவில் வையுங்கள். 32.5% யூரியா கரைசல், தனித் தொட்டி, நீல மூடி. முழுக்கக் காலியானால் நிறுத்திய வண்டி மறுபடி ஸ்டார்ட் ஆகாது, அதனால் முதல் எச்சரிக்கையிலேயே ஊற்றிவிடுங்கள். பங்க்கில் பையன் கை மாறி டீசல் தொட்டியில் ஊற்றிவிட்டால் சாவியைத் தொடாமல் டோ செய்துதான் கொண்டுபோக வேண்டும். சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், காய்ந்தால் வெள்ளையாகப் படிந்து அரிக்கும்.

டெஸ்ட் டிரைவுக்கு நீங்கள் மட்டும் போகாதீர்கள். ஏழு பேரும், ஊருக்குப் போகும் பைகளும் போகட்டும். மதியம் ஒரு மணிக்குக் கேளுங்கள். பின் கதவு மூடுகிறதா, மூன்றாவது வரிசையில் இருபது நிமிடத்தில் குளிர் வருகிறதா, அப்பத்தா உதவியில்லாமல் இறங்குகிறாரா என்று பாருங்கள். முடிந்தால் வண்டியைச் சாளைக்கே வரச்சொல்லி, உங்கள் கேட்டில் ரிவர்ஸ் எடுத்துப் பாருங்கள்.

டெலிவரிக்கு முன் யார்டில் டயரின் பக்கவாட்டில் உள்ள நாலு இலக்கத்தைப் படியுங்கள், முதல் இரண்டு இலக்கம் தயாரித்த வாரத்தையும், அடுத்த இரண்டு இலக்கம் வருடத்தையும் சொல்லும். ஐந்தும் ஒரே காலத்தை ஒட்டி இருக்க வேண்டும், ஸ்டெப்னியைக் குனிந்து பார்க்க மறக்காதீர்கள். இன்சூரன்ஸை ஷோரூமிலேயே எடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை, வெளியே இரண்டு இடத்தில் விலை கேட்டு அதைக் காட்டினால் இறங்கி வருவார்கள்.

கொடிவேரி:

ஞாயித்துக்கிழமை ஏழு பேரும் போறோமுங்க. கிரிஸ்டா முதல்ல, எக்ஸ்யூவி ரெண்டாவது. அளவு டேப்பும் ரெண்டு பையும் எடுத்து வச்சாச்சு.